நான் சாப்பிடாத பரோட்டா

கடைசி ஓவர். மூன்று பந்துகளில் எட்டு ரன் வேண்டும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலை ஒட்டிய மைதானம், ஒரு பக்கம் சவுக்குத்தோப்பு, மறுபக்கம் சமுதாயக்கூடம், சுற்றிலும் கொள்ளாத கூட்டம். மைக் பிடித்த ஆள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறார். பந்து போடுபவர் ஓடி வரத் தயாராகி என் முகத்தைப் பார்க்கிறார். நான்தான் அம்பயர். வெள்ளை கோட்டு, வட்டத் தொப்பி, உள்ளங்கையில் பந்தை எண்ணுவதற்கான கூழாங்கற்கள். எல்லாக் கண்களும் என் மேல் இருந்த அந்த நேரம் பார்த்து என் வயிறு கடமுடா என்றது.

அது எப்படிப்பட்ட சத்தம் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதும் தெரியும். இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினேன். "பந்து பிஞ்சிருக்கு, வேற பந்து எடுத்துட்டு வாங்க" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, சமுதாயக்கூடத்துக் கழிப்பறையைப் பார்த்து ஓடினேன். அம்பயர் ஓடுவதைப் பார்த்ததும் கூட்டம் விசிலடித்தது. பின்னாலிருந்து மைக் குரல் துரத்தியது:

"அம்பயர் அண்ணாத்த பந்த செக் பண்ண போயிகினு கீறாரு! யாரும் எழுந்து பூடாதீங்க! மேட்ச் இன்னும் கீது!"

திரும்பி வந்தேன். அடுத்த பந்து சிக்ஸர், அதற்கடுத்தது இரண்டு ரன். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது, யாரோ என்னையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தார்கள். கிழிந்த பந்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனால் சவுக்கு மரத்தடியில் பைக்கில் சாய்ந்து நின்றிருந்த என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். அவனுக்குத் தெரிந்தால் அவன் அக்காவுக்குத் தெரிந்த மாதிரி. அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்கு வயிற்றைப் பற்றிய கவலை இல்லை. அவளிடம் என்ன பதில் சொல்வது என்பதுதான் கவலை.

வாரம் முழுக்க நான் செங்கல்பட்டில் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தாவாக மேசையைத் தேய்க்கிற ஆள். சனி, ஞாயிறு வந்தால் அம்பயர். படாளத்தில் ஏரிக்கரை மைதானம், அணுபுரத்தில் புல்தரை, முட்டுக்காட்டுப் பக்கம் உப்புக்காற்றில் கிரிக்கெட் என்று இந்த மாவட்டத்தில் நான் நிற்காத பிட்ச் இல்லை. மைதானத்தில் என் விரல் உயர்ந்தால் அதுதான் முடிவு. எப்பேர்ப்பட்ட ரவுடி பேட்ஸ்மேனும் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டுவான். அப்படிப்பட்ட என் பேச்சை என் வீட்டில் மட்டும் நம்ப ஆளில்லை. இந்தக் கதையே அதுதான்.

எனக்கு சீலியாக் நோய். கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் என் உடம்பு என் குடலையே எதிரியாக நினைத்து அடிக்கும். மருந்து கிடையாது, கோதுமையை அடியோடு விடுவதுதான் வைத்தியம். அதைக் கேட்டதும் மச்சான் சிரித்தான்.

"அட, அரிசி துன்ற ஊர்ல இதெல்லாம் ஒரு நோயா மாமா? சோறு துன்னுட்டு போயேன்!"

அவனுக்கென்ன, சொல்லிவிட்டான். சோறு, இட்லி, தோசை எல்லாம் சரிதான். ஆனால் நான் ஒரு பரோட்டாக்காரன். மேட்ச் முடிந்ததும் ஜி.எஸ்.டி. ரோட்டோரக் கடையில் வாழை இலை போட்டு, பிய்த்துப் போட்ட பரோட்டா மேல் சால்னாவைக் கவிழ்த்து, அது ஊறுகிற வரைக்கும்கூடப் பொறுக்காமல் தின்கிறவன் என்று ஊருக்கே தெரியும். கடைக்காரர் என்னைத் தூரத்தில் பார்த்தாலே கல்லில் மாவு போட்டுவிடுவார். அந்தப் பரோட்டாவை ஒரே நாளில் விட்டேன். சும்மா சொல்லவில்லை, துளிகூடத் தொடவில்லை. நோய் அப்படி என்னைப் படுத்தியிருந்தது. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கும், வாயெல்லாம் புண், கோட்டு தோளில் தொங்கும்.

என் மனைவி பள்ளிக்கூட டீச்சர். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள். நோயின் பெயரைக் கேட்ட அன்றே கோதுமை மாவு, ரவை, சேமியா, பிஸ்கட் எல்லாவற்றையும் பைகளில் கட்டிப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினாள். அவளுக்கு இரவில் சப்பாத்திதான் பிடிக்கும். அதையும் விட்டாள். சப்பாத்திக் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக் கல் வாங்கினாள். கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலக்கிறார்கள் என்று தெரிந்ததும் அதுவும் வெளியே போனது. மாவு மில்லில் முன்னால் யார் கோதுமை அரைத்தார்களோ என்று அரிசியை வீட்டிலேயே ஊறவைத்து உலர்த்தி மிக்ஸியில் அரைத்தாள். கடையில் ஒரு பாக்கெட்டை எடுத்தால் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பரீட்சைத்தாள் திருத்துகிற மாதிரிதான் படிப்பாள்.

பலன் தெரிந்தது. வாய்ப்புண் போனது, ரத்தம் ஊறியது, கோட்டு தோளில் உட்கார்ந்தது. மாடிப்படியில் ஓடி ஏறிக் காட்டினேன். அவள் கைதட்டினாள்! ஆனால் வயிறு மட்டும் வழிக்கு வரவில்லை. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உப்பும், உருளும், பிறகு ஓட்டம். வாரத்தில் பாதி நாள் இதே கூத்து. கோதுமையை விட்டு ஒரு வருஷம் தாண்டியும் கூத்து நிற்கவில்லை.

வயிறு கெட்டால் எங்கள் ஊர்ப் பக்கம் என்ன செய்வார்களோ அதையே அவளும் செய்தாள். ஜவ்வரிசியைக் கண்ணாடி மாதிரி வேகவைத்து, நிறையப் பால் ஊற்றி, பனங்கற்கண்டு தட்டிப் போட்டு ஒரு கஞ்சி. வயிறு கெட்ட அன்று மூன்று வேளையும் அதுதான். அதுபோக, உடம்பு தேற வேண்டும் என்று தினமும் படுக்கும்முன் ஒரு பெரிய டம்ளர் மஞ்சள் பால். மேட்ச் நாளில் வெயிலில் நிற்கத் தெம்பு வேண்டும் என்று காலையிலும் ஒரு டம்ளர். நானும் கும்பிட்டுக் குடித்தேன். கோதுமை சாப்பிட முடியாதவனுக்குப் பாலாவது கிடைத்ததே என்ற சந்தோஷம் எனக்கு.

வீட்டில் இருந்த சாமான்கள் மேல் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டாள். உப்பு டப்பாவைக்கூட மாற்றினாள். சந்தேகப்பட இனி எதுவும் இல்லை என்றானதும், மிச்சம் இருந்தது நான் ஒருவன்தான்.

"நிஜமா சொல்லுங்க. வெளிய எதுனா துன்றீங்களா?"

"சத்தியமா இல்ல."

"அப்புறம் எப்படி வருது?"

பதில் இல்லாதவன் குற்றவாளி போலத்தான் தெரிவான். எத்தனை பேட்ஸ்மேன்களை அப்படிப் பார்த்திருக்கிறேன்! பந்து மட்டையில் படவே இல்லை என்று அவர்கள் முகம் கெஞ்சும். சத்தம் கேட்டதே என்று நான் விரலைத் தூக்கிவிடுவேன். இப்போது அவர்கள் நின்ற இடத்தில் நான் நின்றேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். உள்ளூர்ப் போட்டிகளில் ஆட்டம் முடிந்ததும் அம்பயருக்கு ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பது வழக்கம். வெற்றி தோல்வி எதுவானாலும் பொட்டலம் உண்டு, அது எப்போதும் பரோட்டாதான். வேண்டாம் என்றால், எங்கள் பொட்டலத்தைத் தொடமாட்டேன் என்கிறான், எதிர் அணி ஆள் என்று கதை கட்டிவிடுவார்கள். அதனால் வாங்கிக்கொண்டு வந்து மச்சானிடம் கொடுத்துவிடுவேன். அவனுக்குச் சர்க்கரை வியாதி. பரோட்டாவைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்று அவன் அக்கா கட்டளை போட்டிருந்தாள். அவன் பைக்கை ஓரம் கட்டி, அவசர அவசரமாகத் தின்றுவிட்டு, "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத மாமா" என்பான். நானும் சொன்னதில்லை.

அந்தச் சிக்ஸர் மேட்ச் அன்றும் அதே கதைதான். தின்று முடித்தவன் கை துடைக்கத் துணி தேடி, பைக்கில் தொங்கிய என் வெள்ளை கோட்டில் துடைத்துவிட்டான். எனக்கு அது தெரியாது. மறுநாள் காலையில் அவள் துவைக்க எடுத்தாள்.

"இது இன்னா?"

வெள்ளைத் துணியில் ஐந்து விரலும் தெளிவாகத் தெரிகிற சால்னா கறை! மணம்கூடப் போகவில்லை. நான் வாயைத் திறந்தேன். மச்சான் ஞாபகம் வந்தது, மூடினேன். ஒரு பிடி பரோட்டாவுக்காக அவனை மாட்டிவிட மனம் வரவில்லை. கறைக்குக் காரணம் வேறு எதுவும் தோன்றவும் இல்லை.

"நான் சாப்பிடல" என்று மட்டும் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. என்னை நேராகப் பார்த்து, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய், ஆள்காட்டி விரலை மெல்ல நீட்டினாள். அவுட்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்தச் சைகைகளை எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். கல்யாணமான புதிதில் நான் அம்பயர் பரீட்சைக்குப் படித்தபோது, சமையலறை வாசலில் நின்று கேள்வி கேட்பாள், நான் கூடத்தில் நின்று சைகை காட்டுவேன். வைட், பை, டெட் பால் என்று எல்லாம் அவளுக்கும் மனப்பாடம். அதில் அவளுக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காகப் போட்டு எதிர்த் தோள்களைத் தொடுவது. முன்னால் கொடுத்த சைகை தப்பு, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று அர்த்தம். "தப்பு பண்ணிட்டேன்னு ஊரு முன்னாடி சொல்றதுக்கு ஒரு சைகை வச்சிகீறாங்க பாருங்க" என்று வியந்துபோவாள். நான் அதை மைதானத்தில் அநேகமாகக் காட்டியதே இல்லை. அம்பயருக்கு அது கௌரவக் குறைச்சல்.

அந்த விரலுக்குப் பிறகு வீட்டில் எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. சாப்பாடு வந்தது, கஞ்சி வந்தது, மஞ்சள் பாலும் வந்தது. பேச்சு மட்டும் சுருங்கிவிட்டது. இவருக்காக நான் சப்பாத்தியை விட்டேன், இவர் எனக்குத் தெரியாமல் பரோட்டா தின்கிறார் என்பது அவள் பார்க்கிற ஒவ்வொரு பார்வையிலும் இருந்தது. வயிற்று வலியைத் தாங்கிக்கொள்ளலாம். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

பொங்கல் வந்தது. கடற்கரைக் குப்பம் ஒன்றில் மூன்று நாள் டோர்னமென்ட், காணும் பொங்கலன்று ஃபைனல். அவள் பண்டிகைக்குப் படாளத்தில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போனாள். நான் குப்பத்தில் ஒரு மீனவ நண்பரின் வீட்டில் தங்கினேன். என் தட்டு, என் டம்ளர், என் மிளகாய்த்தூள் எல்லாம் பையில் கொண்டுபோயிருந்தேன். அவர்கள் வீட்டில் எனக்கென்று தனிச் சட்டியில் சோறு, மீன் குழம்பு, மாவு தடவாமல் பொரித்த சங்கரா மீன். டீக்கடைப் பக்கம் போகவே மாட்டேன். எல்லோரும் பன்னையும் பொறையையும் தோய்த்துத் தின்கிற டம்ளர்களை ஒரே வாளியில் முக்கி எடுப்பார்கள், துகள் ஒட்டியிருக்கும் என்று பயம். நண்பரின் மனைவி போட்டுக் கொடுத்த கடுங்காப்பிதான் மூன்று நாளும்.

முதல் நாள் காலையில், வீட்டில் குடித்துவிட்டு வந்த பாலோடு, ஒரு தரம் ஓடினேன். பிறகு ஒன்றும் இல்லை. மறுநாளும் ஒன்றும் இல்லை! உப்பவில்லை, உருளவில்லை. கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளாமல் மைதானத்தில் இறங்கிய முதல் நாள் அதுதான். ஃபைனலில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றேன். மாமல்லபுரமே ஜனத்தில் மிதந்த அந்தக் காணும் பொங்கலில், கடற்காற்றில் கோட்டு படபடக்க, எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்றால், ஒரு ஃபோருக்குக் கையை ஆட்டும்போது கொஞ்சம் ஆடவும் செய்தேன். மைக் ஆள் விடுவானா?

"அம்பயர் அண்ணாத்த இன்னிக்கு செம மூடுல கீறாரு!"

நான் குணமாகிவிட்டேன்! அன்று மாலையே, ஃபைனல் பார்க்க வந்திருந்த மச்சானின் பைக்கில் படாளத்துக்குப் பறந்தேன். வழியெல்லாம் பாட்டு. வாசலிலேயே அவளிடம் சொன்னேன், "மூணு நாளா வயிறு ஒண்ணும் பண்ணல!" அவள் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? கோபமெல்லாம் எங்கே போனதோ. எனக்காக எடுத்து வைத்திருந்த பால் பாயசத்தைச் சூடு பண்ணி, பெரிய கிண்ணம் நிறைய ஊற்றிக் கொடுத்தாள். அரிசி, பால், வெல்லம் தவிர அதில் வேறொன்றும் இல்லை. இரண்டு கிண்ணம் குடித்தேன்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கடமுடா!

கொல்லைப்பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தபோது அவள் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள்.

"வர்ற வழியில இன்னா துன்னீங்க?"

"ஒண்ணும் துன்னல."

"மூணு நாளு நல்லா இருந்தீங்க. பைக்ல ஏறி இங்க வர்றதுக்குள்ள எப்படி கெட்டுப்போச்சு? நடுவுல ஜி.எஸ்.டி. ரோட்டுல பரோட்டாக் கடைதானே கீது?"

நான் மச்சானைப் பார்த்தேன். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு, வாசலில் கட்டியிருந்த மாட்டைப் பார்த்தான். அன்றும் அவன் வழியில் தின்றிருந்தான், படுபாவி. எனக்கு அப்போது வந்த கோபம் மைதானத்தில்கூட வந்ததில்லை.

"போதும்! உன் தீர்ப்பும் வேணாம், என் தீர்ப்பும் வேணாம். தேர்ட் அம்பயர்கிட்ட போலாம் வா. டாக்டர் சொல்லட்டும். நான் திருட்டுத்தனமா துன்னேன்னு அவங்க சொன்னா, இனிமே நான் அம்பயர் கோட்டே போடமாட்டேன்!"

வாய் தவறி வந்துவிட்டது. ஆனால் சொன்னது சொன்னதுதான். கோட்டு மேல் சத்தியம் பண்ணுகிறார் என்றதும் அவள் கொஞ்சம் அசந்துபோனாள்.

"சரி, போலாம்" என்றாள்.

குடல் மருத்துவர் நிதானமான பெண்மணி. மச்சான்தான் எங்களைக் காரில் கூட்டிக்கொண்டு போனான். முதலில் அவரும் அதையே கேட்டார்: "தெரியாமக்கூடவா ஒரு வாய் சாப்பிடல?" நான் சோர்ந்துபோனேன். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அதன் முடிவோடு மறுபடியும் அவர் முன்னால் போய் உட்கார்ந்தோம். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் மனைவியைப் பார்த்தார்.

"கோதுமைக்கு எதிரா ரத்தத்துல நிக்கிற ஆன்டிபாடி நல்லா எறங்கியிருக்கு. நார்மல். அடிக்கடி பரோட்டா சாப்பிடறவருக்கு பெரும்பாலும் இப்படி எறங்காது."

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்! அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"அப்போ வயிறு ஏன் டாக்டர் இப்படிப் பண்ணுது?" என்று கேட்டாள். இன்னும் முழுசாக நம்பவில்லை என்பது குரலில் தெரிந்தது.

"கோதுமைய விட்டும் வயிறு சரியாகாதவங்க நெறைய பேர் இருக்காங்கம்மா. அதுக்கு வேற காரணம் இருக்கும், தேடணும்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "எப்பவாவது வயிறு சுத்தமா நல்லா இருந்திருக்கா?"

குப்பத்தில் இருந்த மூன்று நாளை மூச்சு விடாமல் சொன்னேன். சோறு, சங்கரா, கடுங்காப்பி என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"டீ குடிக்கலையா?"

"வெளிய டம்ளர் சுத்தமா இருக்காதுன்னு பயம் டாக்டர்."

"சரி, வீட்டுல பால் எவ்வளவு குடிப்பீங்க?"

இதற்கு அவள்தான் பதில் சொன்னாள், கொஞ்சம் பெருமையோடு. காலையில் காப்பி, மேட்ச் நாளில் பால், ராத்திரி மஞ்சள் பால், வயிறு கெட்டால் மூன்று வேளையும் ஜவ்வரிசிப் பால் கஞ்சி. சொல்லிக்கொண்டே வந்தவள் கஞ்சியில் வந்து நின்றாள். குரல் மெலிந்தது.

"கஞ்சி... வயித்துக்கு நல்லதுதானே டாக்டர்?"

மருத்துவர் மறுபடி பேனாவை எடுத்தார். ஒரு பரிசோதனை பண்ணிப் பார்த்துவிடலாம் என்றார்.

அது மூச்சுப் பரிசோதனை. பாலில் இருக்கிற சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். குடித்துவிட்டு அவ்வப்போது ஒரு கருவியில் ஊத வேண்டும். அந்தச் சர்க்கரை குடலில் செரித்தால் எண் அப்படியே கிடக்கும். செரிக்காமல் கீழே போய்ப் புளித்தால் மூச்சில் வாயு ஏறும், எண்ணும் ஏறும். ஒரு கோட்டைத் தாண்டினால் பால் ஆகவில்லை என்று அர்த்தம். பரிசோதனை செய்கிற பெண் இதைச் சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. ரன் எண்ணிக்கை, இலக்கு, சேஸிங்! இது எனக்குத் தெரிந்த ஆட்டமாயிற்றே!

மறுநாள் வெறும் வயிற்றோடு போய், குடித்தேன், ஊதினேன். மூன்று. மறுபடி ஊதினேன். நாலு. டெஸ்ட் மேட்ச் மாதிரி நகர்ந்தது. அவள் பக்கத்து நாற்காலியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி அந்தச் சின்னத் திரையையே பார்த்தாள். மச்சான் கதவோரம் நின்றான். அடுத்ததும் ஐந்துதான். எண் ஏறாவிட்டால் மறுபடியும் பரோட்டாவுக்கு வந்துவிடுவார்கள்.

அப்புறம்தான் வயிறு பேசியது. கடமுடா! வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் சிரித்தேன்.

"ஊதுங்க சார்."

பதினான்கு!

"ஏறுது, ஏறுது!" என்று கத்திவிட்டேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நோய் உறுதியாவதற்கு இப்படிச் சந்தோஷப்படுகிற ஆளை அவள் பார்த்திருக்க மாட்டாள். ஓடிப்போய்க் கழிப்பறையைப் பார்த்துவிட்டு வந்து ஊதினேன். முப்பத்தெட்டு! கோட்டைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. அடுத்த ஊதலில் அறுபது. வயிறு பலூன் மாதிரி உப்பியிருக்க, வலியில் பாதியும் சந்தோஷத்தில் பாதியுமாக நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து, காலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

மருத்துவரே வெளியே வந்து சொன்னார். நோய் குடல் சுவரைத் தேய்த்தபோது பாலைச் செரிக்க வைக்கிற நொதியும் குறைந்துபோயிருக்கிறது. கோதுமையை விட்டது சரிதான், அதனால்தான் மற்ற எல்லாம் சரியானது. பாலையும் கொஞ்ச காலம் நிறுத்தினால் வயிறும் அடங்கும். குடல் நன்றாக ஆறிய பிறகு பால் மறுபடி ஒத்துக்கொள்ளவும் வாய்ப்பிருக்கிறது.

"ஜவ்வரிசியைத் தண்ணியில போட்டே கொடுங்கம்மா. உங்க வீட்டுக்காரர் ரொம்ப ஒழுங்கா இருந்திருக்கார்" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

காத்திருப்போர் கூடத்தில் இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் எழுந்து நின்றாள். கண் நிறைந்திருந்தது.

"நான்தான் ஊத்தி ஊத்திக் குடுத்தேன்."

"கஞ்சி நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். அது உண்மை. அவளை அழ விட எனக்கு மனமில்லை. அந்தக் கஞ்சியை வேறு யார் போட்டுக் கொடுப்பார்கள்? அவள் மேல் எனக்கு அப்போது ஒரு சொட்டுக் கோபம்கூட இல்லை.

முந்தானையால் கண்ணைத் துடைத்தவளுக்கு டக்கென்று ஒன்று ஞாபகம் வந்தது.

"அப்போ அந்த சால்னா கறை?"

கதவோரம் நின்ற மச்சான் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தான். அவள் என் முகத்தைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், அவன் தொப்பையையும் பார்த்தாள். டீச்சர் அல்லவா? புரிந்துவிட்டது.

"அக்கா, ஒரே ஒரு பரோட்டாதான்க்கா..."

அவள் அவனைப் பார்த்து விரலைத் தூக்கினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, நிஜமாகவே அவுட்டானவன் மாதிரி, கார் நிறுத்திய பக்கம் நடந்தான்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். கைப்பையை நாற்காலியில் வைத்தாள். மொத்தக் கூடமும் பார்க்க, முதுகை நிமிர்த்தி நின்று, இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கொண்டுவந்து, வலது கையால் இடது தோளையும் இடது கையால் வலது தோளையும் தொட்டாள். நான் தலையசைக்கிற வரைக்கும் கையை எடுக்கவில்லை.

எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "குளிருதா கண்ணு?" என்று கேட்டார்.

இப்போதெல்லாம் தப்பாக விரலைத் தூக்கிவிட்டேன் என்று தெரிந்தால், எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் நானும் உடனே அதே மாதிரி தோளைத் தொட்டு ஆட்டக்காரரைத் திரும்பக் கூப்பிட்டுவிடுகிறேன். பாதி தூரம் போனவர் திரும்பி வரும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.